ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்: கணினிப் பகுதி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்ட பிறகு, பல அலுவலகங்களில் கணினிகளை மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. கணினியை மாற்றும் கையோடு, மென்பொருள் எழுதப் பயன்படும் பழைய கருவிகளையும் மாற்றிவிடலாமா என்று கேட்டு வந்த கடிதங்கள் மேசையில் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தின் விற்பனை, இருப்பு, கூலிக் கணக்கு எல்லாம் 2003-இல் விஷுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்ட மென்பொருளில் ஓடுகின்றன. எழுதியவரே இன்றும் அதைப் பார்த்துக்கொள்கிறார்; அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ‘ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்?’ என்கிறார் முதலாளி. புதிய கருவிக்கு மாறியாக வேண்டுமா?
– கணக்குப் பிரிவு மேலாளர், திருப்பூர்

பதில்: உங்கள் முதலாளியின் பக்கமுள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விஷுவல் பேசிக் 6 வெளியானது 1998-இல். அதில் நிரல் எழுதுவதற்கான சூழலுக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்துபோனது. ஆனால், அதில் உருவாக்கிய நிரல்கள் இயங்குவதற்கு வேண்டிய அடிப்படைக் கோப்புகள் விண்டோஸ் 11 வரை இயங்குதளத்துடனேயே வருகின்றன. அவற்றுக்கு ஆதரவும் தொடர்கிறது. எனவே, பழசாகிவிட்டது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, இருபது ஆண்டுகளாகக் கூலிக் கணக்கைச் சரியாகப் போட்டுவரும் ஒரு நிரலைத் தூக்கியெறியச் சொன்னால், அவர் மறுப்பதில் தவறில்லை.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாளைக் காலை கடையிலிருந்து ஒரு புதுக் கணினி வந்து இறங்குகிறது. அதில் விண்டோஸைத் தவிர வேறொன்றும் இல்லை. மூலநிரலை, அதாவது மனிதர் எழுதிய நிரல் வரிகளை, அதில் ஏற்றி, இப்போது ஓடுகிற அதே மென்பொருளை மாலைக்குள் மறுபடியும் உருவாக்கித் தர முடியுமா? இதை வாய்ப்பேச்சாக விடாமல், அந்தப் பெரியவரையே உட்கார வைத்து ஒரு சனிக்கிழமை செய்து பாருங்கள். விஷுவல் பேசிக் குறுந்தகடு எந்த அலமாரியில் இருக்கிறது, சர்வீஸ் பேக் 6 யாரிடம் இருக்கிறது, பில் திரைக்காக அந்தக் காலத்தில் விலைக்கு வாங்கிய கட்டக் கட்டுப்பாட்டின் (விவரங்களைக் கட்டங்களாகக் காட்டும் ஆயத்த நிரல் துண்டின்) உரிம எண் எந்த நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியவரும். எல்லாம் கிடைத்து, திட்டக் கோப்பைத் திறந்ததும், ஏதோ ஓர் ஓசிஎக்ஸ் கோப்பு (அத்தகைய கட்டுப்பாடு இருக்கும் கோப்பு) விண்டோஸில் பதிவாகவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் கோப்புகளை ‘சிஸ்டம் 32’ அடைவில் போடக் கூடாது, ‘சிஸ்வாவ் 64’ அடைவில் போட்டு அங்கிருந்தே பதிவு செய்ய வேண்டும். பெயர்கள் தலைகீழாக இருப்பதால், பழக்கப்பட்டவர்களே இந்த இடத்தில் அரை நாளைத் தொலைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனம் ஒன்றில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கணினி இருந்தது. ‘அணைக்காதீர்’ என்று தாளில் எழுதி அதன்மீது ஒட்டியிருந்தார்கள். வாடிக்கையாளருக்குப் போகும் நிரலை உருவாக்கத் தெரிந்த ஒரே இயந்திரம் அதுதான். ஒரு கோடையில் அதன் வன்தட்டு போய்விட்டது. மூலநிரல் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். எடுத்துப் பார்த்தபோது, வாடிக்கையாளர்களிடம் ஓடிக்கொண்டிருந்த பதிப்பைவிட அது இரண்டு பதிப்புகள் பின்தங்கியிருந்தது. அந்த நிறுவனத்தின் கருவி அப்போது மிகப் பழையதும் இல்லை.

உங்கள் சனிக்கிழமைச் சோதனை தேறிவிட்டால் அவசரம் இல்லை. தேறாவிட்டால், எந்தப் புதிய கருவிக்குப் போவது என்ற பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் பழைய சூழல் முழுவதையும், அதாவது பழைய விண்டோஸ், விஷுவல் பேசிக், எல்லாக் கட்டுப்பாடுகள், மூலநிரல் ஆகிய அனைத்தையும், ஒரு மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினிக்குள்) நிறுவி, அந்தக் கோப்பை இரண்டு தனித்தனி இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். பெரியவர் பணியில் இருக்கும்போதே இது நடந்துவிட வேண்டும்.

அடுத்தது, வெளியிலிருந்து வரும் கட்டாயம். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, அந்த மாற்றத்தைச் செய்ய உங்களுக்கு எத்தனை நாள் பிடித்தது? விகிதங்கள் ஓர் அட்டவணையில் இருந்திருந்தால் ஒரு மணி நேர வேலை. நிரலுக்குள்ளேயே இருபது இடங்களில் 12 என்றும் 18 என்றும் எழுதி வைத்திருந்தால் ஒரு வாரம். இரண்டாவது நிலை உங்களுடையது என்றால், அது எழுதிய முறையில் உள்ள குறை. அதே பழக்கத்தோடு எழுதினால், புத்தம் புதிய கருவியிலும் அடுத்த வரி மாற்றத்தின்போது அதே வாரம் செலவாகும். கருவியின் தலையில் ஏற்றப்படும் பழிகளில் பாதி இப்படிப்பட்டவை.

மின் விலைப்பட்டியல் விஷயம் அப்படிப்பட்டதன்று. ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டும் நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல், மற்ற நிறுவனங்களுக்கு விற்கும் சரக்குக்கான பட்டியலின் விவரங்களை, நிரல்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் என்ற வடிவத்தில் அரசின் தளத்துக்கு அனுப்பி, பதிவு எண்ணையும் கியூஆர் குறியையும் வாங்கியாக வேண்டும். விஷுவல் பேசிக் 6 பிறந்தபோது ஜேசன் என்ற வடிவமே புழக்கத்தில் இல்லை. இன்றைய பாதுகாப்பான இணைய இணைப்பு முறைகளும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் துண்டு நிரல்களைக் கொண்டு ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம் என்றாலும், ஒவ்வோர் ஒட்டும் அடுத்த மாற்றத்தில் பிய்யும். இங்கே கருவியே எல்லையாக நிற்கிறது; ஆகவே மாற்றத்தை இந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். விற்பனைத் திரையைத் தொடாமல், அதே தரவுத்தளத்திலிருந்து பட்டியலைப் படித்து அரசுத் தளத்துக்கு அனுப்பும் வேலையை மட்டும், 2025 நவம்பரில் வெளியாகி மூன்றாண்டு ஆதரவு பெற்றிருக்கும் டாட்நெட் 10 என்ற மைக்ரோசாஃப்ட் நிரலாக்கத் தளத்தில் ஒரு சிறு நிரலாக எழுதச் சொல்லுங்கள்.

தரவு இன்னும் அக்சஸ் தரவுத்தளத்தின் எம்டிபி கோப்பில் இருக்குமானால் அதன் அளவைப் பாருங்கள். இரண்டு ஜிபி அதன் உச்சவரம்பு; நெருங்குகிறது என்றால் தரவை எஸ்கியூஎல் சர்வர் என்ற பெரிய தரவுத்தளத்துக்கு மாற்றுவது நல்லது. அதற்குக்கூட விஷுவல் பேசிக்கைக் கைவிட வேண்டியதில்லை, அதிலிருந்தே இணைத்துக்கொள்ளலாம்.

பட்டியல் கணக்கை என்றைக்குப் புதிய கருவிக்கு மாற்றினாலும், பைசா விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். 1,234.50 ரூபாய் சரக்குக்கு மத்திய வரி 9 விழுக்காடு என்றால் 111.105 ரூபாய் வரும். பழைய நிரல் இதை ‘ஃபார்மேட்’ கட்டளையால் சுருக்கியிருந்தால் 111.11 என்று அச்சிட்டிருக்கும். டாட்நெட்டின் ‘ரவுண்ட்’ கட்டளையோ, நாமாக வேறு சொல்லாத வரை, சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை இலக்கத்துக்குக் கொண்டுபோகும், விடை 111.10 ஆகிவிடும். மாநில வரியிலும் இதே வித்தியாசம் வருமாதலால் ஒரு பட்டியலுக்கு இரண்டு பைசா. தணிக்கையாளரை ஒரு வாரம் உட்கார வைக்க இந்த இரண்டு பைசா போதும். ஆகவே சென்ற மூன்று மாதப் பட்டியல்களைப் புதிய நிரலில் மறுபடி ஓட்டி, கடைசிப் பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பழையதை நிறுத்த வேண்டும்.

விஷுவல் பேசிக் நிரலை டாட்நெட்டுக்குத் தானாக மாற்றித் தரும் வழிகாட்டி ஒன்று விஷுவல் ஸ்டுடியோவில் 2008 பதிப்பு வரை இருந்தது, 2010-இல் அதை எடுத்துவிட்டார்கள். வெளியார் விற்கும் கருவிகள் இருக்கின்றன. அவை தரும் நிரல் ஓடுமே தவிர, பிறகு அதைப் படித்துத் திருத்துவது எழுதியவருக்கே கடினம் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. மின் பட்டியல், இருப்பு, விற்பனை என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கூலிக் கணக்கைக் கடைசியாகத் தொடுங்கள். அதில் வரும் பிழை சனிக்கிழமை மாலை நூறு பேர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு டெல்பி 7-இல் உள்ளது. பெயர்களெல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. புதிய டெல்பிக்கு மாறினால் அவை தாமாகவே யூனிகோடு ஆகிவிடுமா?
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: ஆகா. இதில் இரண்டு மாற்றங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருக்கின்றன. டெல்பி என்ற நிரலாக்கக் கருவியின் ஏழாம் பதிப்பு வெளிவந்தது 2002-இல். அந்த மொழியின் சரங்கள் (எழுத்துத் தொடர்கள்), எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாறியது டெல்பி 2009 பதிப்பில். ஓர் எழுத்து ஒரு பைட் என்று நம்பி எழுதிய வரிகள் அந்த மாற்றத்தில் உடையும். கோப்பில் நேரடியாக எழுதிப் படிக்கும் இடங்களையும், வெளி டிஎல்எல்களை (பிற நிரல் கோப்புகளை) அழைக்கும் இடங்களையும் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். இது கருவி சார்ந்த வேலை.

தரவு சார்ந்த வேலை வேறு. ‘தமிழ்’ என்று உங்கள் திரையில் தெரிவது, தரவுத்தளத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே கிடக்கிறது. பாமினி எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. எந்தக் கம்பைலரை (நிரல் வரிகளை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவியை) மாற்றினாலும் இந்த எழுத்துகள் அப்படியேதான் இருக்கும். மேலும், பாமினியில் ‘கெ’ என்று எழுதக் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னும் தட்டுவோம். யூனிகோடில் மெய் முன்னும் கொம்பு பின்னும் சேமிக்கப்படும். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணை மட்டும் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். அதற்கான மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் உறுப்பினர் ஒருவரின் பெயருக்கு நடுவே ஆங்கிலத்தில் முன்னெழுத்து போட்டிருந்தால், மாற்றி அதையும் தமிழ் என்று நினைத்துப் பெயர்த்துவிடும். ஜே என்ற முன்னெழுத்து உள்ளவர் தகரத்தோடு திரும்பி வருவார். மாற்றிய பட்டியலை அச்சிட்டு, சங்கத்தில் உறுப்பினர்களைப் பெயரால் அறிந்த ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள்.

முதலில் தரவை மாற்றுவதா, கருவியை மாற்றுவதா என்றால், கருவியை மாற்றுங்கள். டெல்பி 7-இன் வழக்கமான பெட்டிகளில் யூனிகோடுத் தமிழ் கேள்விக்குறிகளாகவே தெரியும். சங்கம் புதிய டெல்பியின் உரிமத்துக்குப் பணம் கொடுக்கத் தயங்கினால், சிறு நிறுவனங்களுக்கான இலவசச் சமூகப் பதிப்பின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: மருத்துவமனைகளுக்கான மென்பொருளை ஜாவா 8, ஸ்பிரிங் பூட் 2 ஆகியவற்றில் எழுதியிருக்கிறோம். ஒரே தாவலில் ஜாவா 21-க்குப் போய்விடலாம் என்கிறார்கள் இளைஞர்கள். எனக்குத் துணிவு வரவில்லை.
– குழுத் தலைவர், கோயம்புத்தூர்

பதில்: ஜாவா 8 வெளியானது 2014 மார்ச்சில் என்றாலும், அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை டெமூரின், கொரெட்டோ போன்ற இலவச ஓப்பன்ஜேடிகே (ஜாவாவின் திறந்த மூலப் பதிப்பு) வெளியீடுகள் இன்றும் தந்துகொண்டிருக்கின்றன. உங்கள் அவசரம் ஜாவாவால் வந்ததன்று. உங்கள் ஜாவா நிரலுக்கு அடித்தளமாக இருக்கும் ஸ்பிரிங் பூட் 2-இன் கடைசிக் கிளையான 2.7-க்கு இலவச ஆதரவு 2023 நவம்பரில் முடிந்துவிட்டது. நோயாளிகளின் தகவல் இருக்கும் மென்பொருளில் திருத்தம் வராத அடித்தளத்தை வைத்துக்கொண்டிருக்கலாகாது. ஸ்பிரிங் பூட் 3-க்கோ குறைந்தது ஜாவா 17 வேண்டும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது.

இளைஞர்கள் குறிக்கும் இடம் சரி, வழி தவறு. ஸ்பிரிங் பூட் 2.7, ஜாவா 17-இலும் ஓடும். எனவே முதலில் அதே நிரலை, அதே ஸ்பிரிங்குடன், ஜாவா 11-இலும் பிறகு 17-இலும் ஓட்டிப் பாருங்கள். 11-இல் எக்ஸ்எம்எல் கையாளும் ஜாக்ஸ்பி ஜாவாவிலிருந்து நீக்கப்பட்டிருப்பதால் அதைத் தனி லைப்ரரியாக (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பாக) சேர்க்க வேண்டியிருக்கும். 17-இல் ஜாவாவின் உட்பகுதிகளைக் குறுக்கு வழியில் தொடும் பழைய லைப்ரரிகள் அடம்பிடிக்கும். அவற்றின் புதிய பதிப்புகளைப் போட்டு, வாடிக்கையாளரிடம் ஒரு மாதமாவது ஓட விடுங்கள். அதன் பிறகு ஸ்பிரிங் பூட் 3: அங்கே ஜாவாக்ஸ் என்று தொடங்கும் பெயர்களில் பல ஜகார்த்தா என்று மாறுகின்றன. பெயர் மாற்றம் என்று கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஜகார்த்தாவுக்கு மாறாத ஒரே ஒரு பழைய லைப்ரரி இருந்தாலும் எல்லாம் நின்றுவிடும். உங்கள் லைப்ரரிப் பட்டியலை எடுத்து, நான்காண்டுகளாக வெளியீடே இல்லாதவற்றைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். மேம்பாட்டுக்கு எத்தனை மாதம் ஆகும் என்பது அந்த வட்டங்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

கடைசிக் கட்டமான 21-இல் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜாவா 18 முதல், கோப்புகளைப் படிப்பதற்கான இயல்பான குறியேற்றம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) எல்லா இயங்குதளங்களிலும் யூனிகோடின் யூடிஎஃப்-8. அதற்கு முன், விண்டோஸில் ஜாவா அந்தக் கணினியின் பழைய குறியேற்றத்தையே எடுத்துக்கொண்டது. நோயாளியின் பெயரைத் தமிழில் எழுதிப் படித்தால் குப்பை வந்ததும், அதற்கு யாரோ ஒருவர் தொடக்கக் கட்டளையில் ஒரு வரி சேர்த்துச் சரிசெய்ததும் உங்கள் நிரலின் வரலாற்றில் எங்காவது இருக்கும். புதிய பதிப்பில் அந்த வரி தேவைப்படாது. மாறாக, பழைய குறியேற்றத்தில் சேமித்த கோப்புகள் இருந்தால் அவை இப்போது தவறாகப் படிக்கப்படும்.

கேள்வி: ‘பழைய லைப்ரரியே பாதுகாப்பு, புதிய ஓட்டைகள் எல்லாம் புதிய பதிப்புகளில்தான் வருகின்றன’ என்று எங்கள் மூத்த பொறியாளர் எதையும் மேம்படுத்த விடுவதில்லை. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா?
– வாசகி, சென்னை

பதில்: பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அவரோடு வாதாடுவது உங்களுக்குக் கடினமாக இருக்கிறது. 2014 ஏப்ரலில் உலகையே கலக்கிய ஹார்ட்பிளீட் ஓட்டை, இணைய இணைப்பைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.0.1 கிளையில் நுழைந்தது; அதற்கு முந்திய 0.9.8-ஐ வைத்திருந்தவர்கள் அன்று நிம்மதியாகத் தூங்கினார்கள். 2021 டிசம்பரில், ஜாவா நிரல்களின் நடப்பைப் பதிவுசெய்யும் லாக்4ஜே லைப்ரரியின் ஓட்டை வெளிப்பட்டபோதும், அது இரண்டாம் தலைமுறைப் பதிப்புகளைத் தாக்கியது. முதல் தலைமுறையில் அந்தக் குறிப்பிட்ட ஓட்டை இல்லை. உங்கள் பொறியாளர் இந்த இரண்டையும் நினைவில் வைத்திருப்பார்.

அவர் சொல்லாமல் விடுவது மற்றப் பாதி. லாக்4ஜே முதல் தலைமுறைக்கு ஆதரவு 2015 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. அதில் வேறு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டபோது திருத்தம் வெளியிட யாரும் இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் 0.9.8-க்கு டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பான இணைப்பு முறை தெரியாது என்பதால், இன்று அதைக் கொண்டு பெரும்பாலான வங்கித் தளங்களின் கதவைக்கூடத் தட்ட முடியாது. ஹார்ட்பிளீட் வந்தபோது 1.0.1 வைத்திருந்தவர்களுக்குத் திருத்தம் உடனே கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவரிடம் பழசா புதுசா என்று கேட்காமல், ‘நாளை இதில் ஓட்டை கண்டால் திருத்தம் எழுதித் தருபவர் யார்?’ என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொல்வாரானால் அந்தப் பழைய பதிப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: கல்லூரியில் இன்னும் டர்போ சி++ தான். நான் வீட்டில் வேறு கம்பைலர் போடலாமா?
– முதலாண்டு மாணவர், விருதுநகர்

பதில்: தாராளமாக. அந்த நீலத் திரை 1990-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. சி++ மொழிக்கு முதல் பன்னாட்டுத் தரம் வந்ததே 1998-இல்தான். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது என்பதால், டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். 200-ஐ 200-ஆல் பெருக்கி ‘இன்ட்’ (முழு எண்) மாறியில் வைத்து அச்சிட்டுப் பாருங்கள்: அங்கே மைனஸ் 25536 என்று வரும், ஜிசிசி என்ற இன்றைய கம்பைலரில் 40000 என்று வரும். டர்போவின் ‘இன்ட்’ இரண்டே பைட் என்பதுதான் காரணம். ஏன் சரியாக அந்த எண் வந்தது என்று காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டால், அந்தப் பழங்கருவி உங்களுக்குத் தரக்கூடிய பாடம் முடிந்தது. தேர்வுத் தாளில் மட்டும் ஆசிரியர் கேட்டபடி எழுதுங்கள். மதிப்பெண்ணோடு சண்டை வேண்டாம்.

கேள்வி: என் ஆய்வேட்டுக்காகத் தமிழ்ச் சொல் எண்ணிக்கை நிரல்களைப் பைத்தான் 2-இல் எழுதியிருந்தேன். கட்டுரை வெளியாகிவிட்டது. இப்போது பைத்தான் 3-க்கு மாற்ற வேண்டுமா?
– ஆய்வாளர், மதுரை

பதில்: வெளியான முடிவுகளைத் தந்த நிரலை மாற்றாதீர்கள். 2020 ஏப்ரலில் வந்த 2.7.18 தான் அந்தக் கிளையின் கடைசி வெளியீடு. அதனுடன் உங்கள் நிரலையும் தரவையும் ஒரு கண்டெய்னரில் (நிரலையும் அது ஓடும் சூழலையும் சேர்த்துப் பொதியும் மென்பொருள் பெட்டியில்) மூடி வைத்துவிடுங்கள். யாராவது கேட்டால், அதே எண்களை மறுபடி எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.

அடுத்த ஆய்வுக்கு மட்டும் ஒரு நகலை எடுத்துப் பைத்தான் 3-க்குக் கொண்டுவாருங்கள். தானே மாற்றித் தரும் ‘2டு3’ கருவி, பைத்தான் 3.13 முதல் உடன் வருவதில்லை. அது இருந்த காலத்திலும் உங்கள் வகை நிரலின் உண்மையான சிக்கலை அது பார்த்ததில்லை. யூடிஎஃப்-8 கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2-இன் சாதாரணச் சரம் 15 என்று சொல்லும், ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3 ஐந்து என்று சொல்லும்: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்த விடை மூன்று. உங்கள் நிரலில் எங்காவது நீளத்தை மூன்றால் வகுத்துச் சமாளித்திருந்தீர்களானால், மாற்றிய பிறகு அது பிழைச்செய்தி எதுவும் தராமல் தப்பான விடை தரும். வகுத்தலே வேறு மாதிரி நடந்துகொள்ளும். 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழையதில் 3, புதியதில் 3.5. ஆகவே மாற்றும் முன் பழைய நிரலின் வெளியீடுகளை ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பத்தாண்டுப் பழைய நிரல் முழுவதையும் ஒதுக்கிவிட்டு, புதிய கருவிகளில் முதலிலிருந்து எழுத ஓராண்டு அனுமதி கேட்கலாம் என்றிருக்கிறேன். நிர்வாகத்திடம் எப்படி எடுத்துச் சொல்வது?
– பெங்களூருவில் பணிபுரியும் வாசகர்

பதில்: கேட்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. நெட்ஸ்கேப் நிறுவனம் 1997-இல் தன் உலாவியின் நான்காம் பதிப்பை வெளியிட்டது. 1998-இல் பழைய நிரலை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதத் தீர்மானித்தது. ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில் வந்தபோது சந்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிடம் போய்விட்டிருந்தது. அந்தப் புதிய நிரலின் வழியில்தான் 2004-இல் ஃபயர்ஃபாக்ஸ் பிறந்தது என்று நீங்கள் எதிர்வாதம் செய்யலாம். செய்யுங்கள், ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே நெட்ஸ்கேப்பின் உலாவிக் குழுவை அதன் புதிய உரிமையாளரான ஏஓஎல் கலைத்துவிட்டது. நிரல் பிழைத்தது, எழுதியவர்களின் வேலை பிழைக்கவில்லை.

நிர்வாகத்திடம் போவதற்கு முன் ஒரு மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: நிரல் உருவாகி முடிய எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள், புதிதாகச் சேர்ந்தவர் தன் கணினியில் சூழலை அமைக்க எத்தனை நாள் ஆனது, எந்தெந்த வாடிக்கையாளர் கேட்டதைக் கருவியின் காரணமாக மறுத்தீர்கள். பெரும்பாலும் மொத்த வலியும் ஓரிரு இடங்களில் திரண்டிருக்கும். அந்த இடங்களுக்கு மட்டும் ஆறு வாரம் கேளுங்கள், கிடைக்கும். பிறகு ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைப்போல ஒரு குறிப்பிட்ட மாதத்தை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய டாட்நெட்டின் நீண்ட ஆதரவுப் பதிப்புக்கே மூன்றாண்டுதான் ஆயுள்; ஒருமுறை மாறிவிட்டுப் பதினைந்து ஆண்டு நிம்மதியாக இருந்த காலம் இனி வராது.

கேள்வி: 2014-இல் எக்லிப்ஸில் எழுதி வெளியிட்ட பேருந்து நேர அட்டவணைச் செயலியில் ஒரு சிறு திருத்தம் மட்டும் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு மாறாமல் முடியுமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: முடியாது. எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் கருவிக்கான ஆண்ட்ராய்டு இணைப்பைக் கூகுள் 2015 இறுதியிலேயே கைவிட்டுவிட்டது. பிளே ஸ்டோரில் 2025 ஆகஸ்ட் 31 முதல், புதிய செயலியானாலும் திருத்தமானாலும், ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொண்டிருக்க வேண்டும். இந்த எல்லை பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை நகர்கிறது. நேர அட்டவணைச் செயலிதானே, நிரலை மாற்றுவது உங்களுக்குப் பெரிய வேலையாக இராது.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. 2014-இல் செயலியை வெளியிட்டபோது அதில் கையொப்பமிட ஒரு சாவிக் கோப்பையும் கடவுச்சொல்லையும் உருவாக்கியிருப்பீர்கள். கையொப்பப் பொறுப்பைப் பின்னாளில் கூகுளிடம் ஒப்படைக்காதிருந்தால், அந்தக் கோப்பு இல்லாமல் திருத்தத்தை ஏற்ற இயலாது. வேறு பெயரில் புதிய செயலியாகத்தான் வெளியிட வேண்டும், பழைய பயனாளர்களுக்கு அது போய்ச் சேராது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் தரவிறக்கும் முன், அப்போது பயன்படுத்திய மடிக்கணினியின் வன்தட்டு இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.